தலையெண்ணும் நாளும் என் மாமனாரும்

"மோளே, உமாவை எனக்குத் தருவியா?"

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மாமா அடுக்களை வாசலில் வந்து நின்றார். மட்டாஞ்சேரியின் ஜூன் மழை அவர் வேட்டியை முழங்கால் வரை நனைத்திருந்தது. குடையை மடக்கக்கூட இல்லை. அதிலிருந்து வழிந்த தண்ணீர், நான் அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த தரையில் ஓடியது.

எனக்கு முதலில் தரைதான் கண்ணில் பட்டது. குடையை வெளியே வைக்கச் சொன்னேன். அவர் நகரவில்லை. அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பாவை, உமாவின் தாத்தாவை. ஊருக்கு அவர் ஹெட்மாஷ். கொச்சங்காடிக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மலையாளப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே. அதில் வாத்தியாராகச் சேர்ந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்று அரசாங்கம் சொன்னது. அவர் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

உட்கார மாட்டார் அந்த மனுஷன். சாயாவை நின்றுகொண்டு குடிப்பார். பேப்பரை நடந்துகொண்டு படிப்பார். முன்னறையில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போட்டு வைத்திருந்தோம். யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாமா மாமா என்று கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொள்வார்.

தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. மாமியார் இல்லாத வீடு. இவர், என் கணவர், காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். மிச்சமிருந்த ஒரே ஆளுக்கும் காலில் சக்கரம். சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பினால் ஆள் தெருமுனையில் நிற்பார். யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கப்பைக்கிழங்கு வண்டிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்திருப்பார்.

ஆனால் எழுபதுகளின் கடைசியில் வந்த அந்த ஜூனில் அவர் நடந்தது வேறு மாதிரி. விடிந்ததும் போனார், நனைந்து வந்தார், சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் போனார். என்ன ஏதென்று கேட்டால் குடையை எடுத்துக்கொள்வார். அப்போதுதான் என் பெண்ணைக் கேட்டு வந்து நிற்கிறார்.

ஆறாம் நாள்

கேரளத்துப் பள்ளிக்கூடங்களோடு பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாள் தலையெண்ணும் நாள். கல்வி அதிகாரி அன்று வருவார். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் வகுப்பு பிழைத்தது. ஒரு தலை குறைந்தாலும் வகுப்பு போயிற்று. வகுப்போடு சேர்ந்து அதற்குரிய ஆசிரியரின் வேலையும் போய்விடும்.

ஆகவே ஜூன் பிறந்தால் மட்டாஞ்சேரி வாத்தியார்களுக்குப் பாடம் நடத்த ஏது நேரம்? சந்து சந்தாகப் பிள்ளை பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். புத்தகம் தருகிறோம், குடை தருகிறோம், மத்தியானம் உப்புமா உண்டு என்று ஆசை காட்டுவார்கள். இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒரே வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல வானத்தைப் பார்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பிரிவுக்குத்தான் அதிகக் கஷ்டம். கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் என்று தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பிழைக்கிற ஊரின் பாஷை தெரிந்தால்தானே நாளைக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று அவர்கள் பிள்ளைகளை மலையாளத்தில் சேர்த்தார்கள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் அந்தக் கட்சிதான். ஒரு படி மேலே போய் உமாவை இங்கிலீஷ் கான்வென்ட்டில் சேர்த்திருந்தேன்.

உப்புமா தின்ற வீரன்

கடன் பிள்ளைகள் என்று ஓர் இனம் உண்டு. தலையெண்ணும் நாளுக்கு மட்டும் வாங்கி உட்கார வைக்கிற பிள்ளைகள். பால்குடி மறக்காததும் வரும், மீசை அரும்பியதும் வரும். மீசைக்காரனைப் பின்பெஞ்சில் குனிய வைப்பார்கள்.

எங்கள் சந்தில் ஒரு பையன் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணப்பட்டு, கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து ஓடி, மத்தியானம் இன்னொரு பள்ளிக்கூடத்தில் எண்ணப்பட்டான். இரண்டு இடத்திலும் அந்த மஞ்சள் மக்காச்சோள உப்புமா கிடைத்தது. இரண்டையும் தின்றான். சாயங்காலம் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டதில், அவன் அம்மா இரண்டு பள்ளிக்கூடத்து வாசலிலும் போய் நின்று திட்டிவிட்டு வந்தாள்.

ஊரே சிரித்தது. அதிகாரிகளுக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும். யாரும் இதைப் பாவமாக நினைத்ததில்லை, மாமா ஒருவரைத் தவிர.

சுக்குத் தூசி

இது நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்தது. மாமா தலைமை ஆசிரியராக இருந்த காலம். தமிழ்ப் பிரிவில் எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்து, டீச்சர்கள் அவருக்குத் தெரியாமல் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இடப்பள்ளி என்ற ஊரிலிருந்து யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த பிள்ளைகள்.

அதிகாரி எண்ணினார், சரியாக இருந்தது. சாயா வந்தது, குடித்தார். எழுந்து கிளம்பப் போனவரை மாமா நிறுத்தினார். அந்த இரண்டு பிள்ளைகளும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

வகுப்பு போயிற்று. கடைசியாகச் சேர்ந்த கனகம் டீச்சருக்கு வேலை போயிற்று. அப்போது அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. டீச்சர் வேலைக்காகப் பெண் கேட்டு வந்தவர்கள், வேலை போனதும் வரவில்லை. அப்பா இல்லாத பெண். ட்ரெயினிங் படித்த பெண் நேரே சுக்குக் கிடங்குக்குப் போய், தரையில் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு சுக்கு பொறுக்கினாள். சில வருஷம் அந்தத் தூசியில்தான் அவள் காலம் போயிற்று.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஹெட்மாஷ் மாதிரி நேர்மையான ஆள் உண்டா என்றது. கல்யாண வீட்டில் சொன்னார்கள், சாயாக்கடையில் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடமும் அதைச் சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். என் அப்பா மயங்கிப்போனார்.

மாமா மட்டும் அந்தக் கதையை யாராவது எடுத்தால் எழுந்துபோய்விடுவார். பள்ளிக்கூடத்துக்கு நேர்வழி சுக்குக் கிடங்கைத் தாண்டித்தான் போகும். அவர் சுற்றுவழியில் போவார். வெயிலானாலும் மழையானாலும் சுற்றுவழிதான். அவருடைய இருப்புக் கொள்ளாத நடை எங்கே தொடங்கியிருக்கும் என்பது எனக்குப் புரியவே சில வருஷமாயிற்று.

பிறகு இடம் காலியானபோது கனகம் அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தாள். அதற்காக மாமா எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் வந்தாள், மாமா ஓய்வு பெற்றார். ஒன்றாம் வகுப்பு தமிழ் அவளுடையது.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த ஜூனில் குறைந்தது அந்த ஒன்றாம் வகுப்புதான். மாமா மழையில் வீடு வீடாக அலைந்து சேர்த்த பிறகும் ஒரு பிள்ளை குறைந்தது. மறுநாள் தலையெண்ணும் நாள்.

முழுசாகக் கேட்டார்

அடுக்களைக்குத் திரும்புவோம். தோசைக்கல் புகைந்துவிட்டிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

நாளைக்கு ஒரு நாள்தானே மாமா, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. கான்வென்ட்டில் இந்தத் தலையெண்ணும் தொல்லையெல்லாம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கனகத்துக்கு வேலை நிலைக்கட்டும். புண்ணியம்.

மாமா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"ஒரு நாளைக்கு இல்லை மோளே. எண்ணும்போது இருக்கற பிள்ளை எண்ணினதுக்குப் பின்னாடியும் இருக்கணும். கான்வென்ட்டிலேர்ந்து எடுத்து இங்க சேர்த்துடு."

ஒரு நாள் கடனாகக் கேட்டிருந்தால் நூறு முறை கொடுத்திருப்பேன். மாமா முழுசாகக் கேட்கிறார்.

அந்தக் கான்வென்ட் இடத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைமைக் கன்னியாஸ்திரி மதர் முன்னால் போய் எத்தனை தடவை கைகட்டி நின்றேன். உமாவுக்குப் பழங்களின் பேரும் நிறங்களின் பேரும் இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க, நானே முதலில் பக்கத்து வீட்டில் போய்க் கற்றுக்கொண்டேன். தென்காசியில் பள்ளி இறுதி வரை தமிழில் படித்தவள் நான். இந்த ஊருக்கு வந்தபோது பஸ் பலகையை வாசிக்கத் தெரியாது, ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. கடைக்காரரிடம் கையைக் காட்டிக் காட்டிச் சாமான் வாங்கினேன். வாய் இருந்தும் ஊமையாக இருந்தேன். என் பெண்ணுக்கு அது வரக்கூடாது என்று கங்கணம் கட்டியிருந்தேன்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஊரான் பிள்ளை எல்லாம் வளர்ந்தாயிற்று, தன் பிள்ளையைக் கேட்டு வந்து நிற்கிறார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. மாமனார், பெரியவர் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"உங்க நேர்மைக்கு எப்பவும் வேற யாராவதுதான் விலை குடுக்கணுமா மாமா? அன்னைக்குக் கனகம் குடுத்தா. இன்னைக்கு எம் பொண்ணு குடுக்கணுமா?"

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நீ சொல்வது சரிதான் என்பதுபோல ஒருமுறை தலையசைத்தார். திரும்பி முன்னறைக்குப் போனார். போய், அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் சொன்னதில் இன்றைக்கும் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நடந்தால் தேவலை என்று தோன்றியது.

என் பேத்தி

மறுநாள் காலையில் மாமா சாயாவைக் குடித்துவிட்டு வெளியே போனார். இவரும் வேலைக்குப் போனார். உமா கான்வென்ட் யூனிபாரத்தைக் கையில் எடுத்தாள். அதை வாங்கி உள்ளே வைத்தேன். பூப்போட்ட கவுனை மாட்டிவிட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கனகம் டீச்சர் வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. உமாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பெயரை எழுதச் சொன்னேன்.

"சேச்சி, சாருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்து மறுபடியும் கீழே வைத்தாள். பயம் எனக்குப் புரிந்தது. மாமாவுக்குத் தெரியாமல் பிள்ளை உட்கார வைத்துத்தானே ஒரு தடவை அவள் வாழ்க்கை போனது. ஆனாலும் எழுதினாள். வேறு என்ன செய்வாள், வயசான அம்மா வீட்டில் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்தார். எர்ணாகுளத்திலிருந்து வந்த புது அதிகாரி. அவருக்குப் பின்னால் வராந்தாவில் மாமா. ஓய்வு பெற்றவருக்கு அங்கே வேலை இல்லைதான். ஆனால் அவர் கால்கள் வேறு எங்கே போகும்? பறிபோகிற வகுப்பின் கடைசி எண்ணிக்கையைப் பார்க்க வந்திருந்தார். நான் பக்கத்து வகுப்புச் சுவரை ஒட்டி நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உமாவைப் பார்த்துவிட்டார்.

அதிகாரி எண்ணினார், சரியாக இருந்தது. மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பழைய கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"மாஷ் நில்க்கும்போள் எனிக்கு எண்ணேண்ட காரியமில்லல்லோ. எல்லாம் நம்முடெ குட்டிகள் தன்னெயல்லே?"

மாஷ் நிற்கும்போது நான் எண்ணவே வேண்டாமே, எல்லாம் நம் பிள்ளைகள்தானே என்று கேட்கிறார். கனகம் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த மனுஷன் சொல்லிவிடுவார், எல்லோர் முன்னாலும் மறுபடியும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாமா உமாவைப் பார்த்தார். உமா தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அந்தப் பூக்கவுன் போட்ட குட்டி, என் பேத்தி," என்றார்.

அவ்வளவுதான். அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? ஹெட்மாஷ் தன் பேத்தியையே தமிழில் சேர்த்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், உமாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். வகுப்பு பிழைத்தது.

வீடு வரைக்கும் மாமா குடையை உமாவுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். நீங்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லையே மாமா என்றேன்.

"சொன்னது பொய் இல்லை மோளே. மிச்சத்தைச் சொல்லாம விட்டேனே, அது என்ன?"

மறுநாள் உமா கான்வென்ட்டுக்குப் போனாள். இன்றைக்கு அவள் மூன்று பாஷையில் சண்டை போடுவாள், ஆனால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுவதை நான்தான் போனில் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் உண்மைதான், எழுதிவிடுகிறேன்.

இடக்கொச்சி பஸ்

எண்ணிக்கை முடிந்தால் எல்லா வாத்தியார்களும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாமா அதற்குப் பிறகுதான் புதிதாகக் கிளம்பினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். உமா உட்கார்ந்த இடம் காலியாக இருக்கிறது என்றார்.

எண்ணப்பட்ட தலைக்கு ஒரு பிள்ளை கொண்டுவந்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது. மட்டாஞ்சேரியில் மிச்சம் இல்லை. தோப்பும்படி, பள்ளுருத்தி என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தார். ஆடி மழையும் அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பு அறுந்தது, இருமல் வந்தது. இவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். கேட்டால்தானே.

கடைசியில் இடக்கொச்சியில் கிடைத்தாள் செல்வி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குடும்பம். அப்பன் மீன்பிடி வள்ளத்தில் போகிறவன், அம்மா இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. பிள்ளை சும்மா காயலோரத்தில் திரிந்துகொண்டிருந்தது. சேர்க்கச் சம்மதம்தான், ஆனால் அவ்வளவு தூரம் யார் கொண்டுபோய் விடுவது என்று அந்த அம்மா கேட்டிருக்கிறாள்.

நான் வருகிறேன் என்றாராம் மாமா. தினமுமா என்று அவள் சிரித்தாளாம். தினமும் என்றாராம்.

சாயங்காலம் வந்து இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உமாவின் பெயரை அடித்துவிட்டு அங்கே செல்வியின் பெயரை எழுதினாள் கனகம். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வயசில் தினமும் பஸ் ஏறி இடக்கொச்சிக்குப் போய், பிள்ளையைக் கூட்டிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவதாவது. நாலு நாள் கூத்து என்று இவரிடம் சொன்னேன்.

நாலு நாள் இல்லை. செல்வி நாலாம் வகுப்பு வரும் வரை போனார். கண்டக்டர்கள் அவரிடம் ஊர்க்கதை பேசுவார்கள். பந்த் நடக்கிற நாளில் நடந்தே போய், அங்கே போய் இன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அது அவளுக்கே தெரிந்திருக்குமே மாமா என்றால், சொல்லாமல் இருந்தால் பிள்ளை நிற்குமே என்பார். காய்ச்சலில் போனார். உமா பெரிய மனுஷி மாதிரி, தாத்தாவுக்கு அந்தப் பாப்பாவைத்தான் பிடிக்கும் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நீ என் பேத்தி, அவள் என் கணக்கு என்றார். பிள்ளைக்கு என்ன புரிந்ததோ, சமாதானமாகிவிட்டது.

உட்காருகிற பழக்கம் அவருக்கு அப்போதுதான் வந்தது. சாயங்காலம் செல்வியை விட்டுவிட்டு வந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்து ஒரு சாயா குடிப்பார். அந்த நேரத்தில் யாராவது வந்து பழைய நேர்மைக் கதையை எடுத்தால் மட்டும் இப்போதும் எழுந்துபோய்விடுவார்.

அன்றைக்கு நான் போனேன்

எண்பதுகளின் தொடக்கம். ஒரு விடியற்காலையில் சாயா கொண்டுபோனேன். மாமா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

வெளிச்சம் நன்றாக வருவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. இவர் தந்தி கொடுக்கப் போனார். கூடத்தில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மருமகளுக்குக் கண்ணீர் கூடவா இல்லை என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்தால் எங்கே போவது என்றும் தெரியவில்லை. என்னவோ ஒன்றை மறந்துவிட்ட மாதிரி நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பஸ்ஸுக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது.

செல்வி.

அவள் அம்மா விடியுமுன்னே இறால் கொட்டகைக்குப் போய்விடுவாள். பிள்ளை தனியாக பஸ் ஸ்டாப்பில் நிற்கும். தாத்தா வரும் வரை நகராது. அப்படித்தான் அவர் சொல்லி வைத்திருந்தார்.

சாவு விழுந்த வீட்டு மருமகள் பிணம் எடுக்குமுன் வாசல் தாண்டக்கூடாது. எனக்கும் தெரியும். கொல்லைக் கதவு வழியாகப் போனேன். தலையை வாரவில்லை, கட்டியிருந்த பழம்புடவையோடு ஓடி இடக்கொச்சி பஸ்ஸில் ஏறினேன். பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலக் கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

பிள்ளை நின்றிருந்தது. பஸ்ஸிலிருந்து நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தாத்தா வரவில்லையா என்று கேட்டாள். இன்றைக்கு நான் வந்திருக்கிறேன் வா என்று மட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள். தப்பு வந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள், நான் திருத்துவேன் என்று. எனக்கு எது சரி எது தப்பு என்றே காதில் விழவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தோம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கம்பியில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னாள் தலைமை ஆசிரியரின் மறைவுக்காக இன்று விடுமுறை என்று மலையாளத்திலும் தமிழிலும் சாக்பீஸில் எழுதியிருந்தது. தமிழ் வரி கனகத்தின் கையெழுத்து. அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் வீட்டு மருமகள் நான், அவர் செத்தால் பள்ளிக்கூடம் நடக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செல்வி பலகையை அண்ணாந்து பார்த்தாள். மழைச்சாரலில் பாதி எழுத்து கரைந்திருந்தது. கடைசி வார்த்தையை மட்டும் வாசித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"லீவா? லீவுன்னா தாத்தா நேத்தே சொல்லிருப்பாங்களே."

நான் அந்தக் கேட்டுக்கு முன்னாலேயே, நனைந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதேன்.